கருணாபுரத்தில் எந்த அளவுகோல்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானபோது மக்கள் பெரிதாக எதிர்பார்த்தது ஒன்றுதான். ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்துவிடும், ஒரு கையெழுத்துக்காக விழுப்புரம் வரை போய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம். கூடவே பரவிய டிஜிட்டல் சேவைகள் அந்தத் தூரத்தை இன்னும் சுருக்குவதாகச் சொல்லின. சொத்து வரியை வீட்டிலிருந்தே கட்டலாம். சாதிச் சான்றுக்கு இ-சேவை மையம் போதும். புகார் சொல்ல 1100 என்ற எண்ணை அழைத்தால் போதும். தூரம் உண்மையில் குறைந்ததா என்று சொல்ல வேண்டியவர்கள் மக்கள்தான். அவர்களிடம் அதை எந்த முறையில் கேட்டால் நம்பத்தகுந்த பதில் கிடைக்கும் என்பதை ஒப்பிட்டுச் சொல்வது இந்த வழிகாட்டியின் வேலை. நகர்மன்ற உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், மகளிர் குழுவினர், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தை முன்வைத்துப் பேசக் காரணம் உண்டு. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் இந்தப் பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. பெரும்பாலோர் தினக்கூலிகள். சாராயம் விற்கப்படுவது ஊரறிந்த சங்கதி என்று அந்தத் தெருக்காரர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். புகார் சொல்லத் தொலைபேசி எண்கள் இருந்தன, இணையதளங்கள் இருந்தன. ஆனாலும் தெருவுக்குத் தெரிந்தது உரிய நேரத்தில் எச்சரிக்கையாக மாறவில்லை. இப்படிப்பட்ட ஊரில் ‘புகார் குறைவு’, ‘மனுக்கள் அனைத்தும் முடிக்கப்பட்டன’ என்ற வரிகளை மக்களின் நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த முறையைத் தேர்ந்தாலும் முதல் சோதனை இதுதான்: அலுவலகத்துக்கு வராதவரின் குரல் இதில் கேட்குமா?

எதை அளக்கப் போகிறோம்?

முறையைத் தேர்வதற்கு முன் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எட்டுகிறதா? சேவை இருப்பது தெரியுமா, கைப்பேசியும் சிக்னலும் உண்டா, பிறர் உதவி இல்லாமல் செய்ய முடிகிறதா என்பவை இதில் அடங்கும். இரண்டு, பட்ட பாடு எவ்வளவு? எத்தனை நடை, எத்தனை நாள், எவ்வளவு பணம். மூன்று, தீர்ப்பு என்ன? முன்பைவிட மேலா, நியாயமாக நடத்தினார்களா, அடுத்த முறையும் இதே வழியில் போவார்களா. திருப்தியா என்று மட்டும் கேட்டால் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடும். இணையதளத்தையே பார்க்காதவரும் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்து, துறை வாரியாகக் கேட்காதீர்கள், காரியம் வாரியாகக் கேளுங்கள். நகராட்சி வேறு, வருவாய்த் துறை வேறு என்ற பிரிவு கோப்புக்குத்தான் தேவை. ஒருவர் இறந்துவிட்டால் வீட்டாருக்கு அது ஒரே காரியம். இறப்புச் சான்று வேண்டும், வாரிசுச் சான்று வேண்டும், பிறகு வங்கி, உதவித்தொகை. சட்டப்படி இறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்குதான் பதிவாகும். 2024-ல் பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டார்கள். ஒரே தெருவின் இரண்டு வீடுகளுக்கு இறப்புச் சான்று இரண்டு வெவ்வேறு நிர்வாகங்களிடமிருந்து வர வேண்டியிருக்கும். நகராட்சியின் இணையப் பக்கத்தை மட்டும் மதிப்பிடச் சொன்னால் அந்த அலைச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாது.

முறை 1: நட்சத்திரமும் குறுஞ்செய்தியும்

சேவை முடிந்ததும் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு வரும், அல்லது அலுவலகச் சுவரில் க்யூஆர் குறியீடு ஒட்டியிருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும்.

இதன் பலம் வேகமும் மலிவும். நாள்தோறும் தகவல் வரும். திடீரென்று ஒரு வாரம் மதிப்பெண் சரிந்தால் எங்கோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

பலவீனம் ஆழமானது. சேவை கிடைத்தவரிடம் மட்டுமே இது கேட்கிறது. ‘சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்கம்மா’ என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு இணைப்பு வராது. இ-சேவை மையத்தில் கேன் எண் (விண்ணப்பிப்பவருக்கான பதிவு எண்) பதியும்போது, ஓடிபி சிக்கல் வேண்டாமென்று வேறொருவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்போது கருத்துக் கேட்கும் குறுஞ்செய்தி யாரிடம் போகும்? மகன் பதில் சொல்வார், அல்லது மனு போட்டுக் கொடுத்தவரே சொல்வார். மனுக் கொடுத்த பெண்மணியின் கருத்து பதிவாகாது.

எப்போது தேர்வது: கோளாறை உடனுக்குடன் கண்டுபிடிக்கும் எச்சரிக்கை மணியாக. மக்களின் தீர்ப்பு என்று அறிக்கையில் எழுத இது போதாது.

முறை 2: தொலைபேசியில் அழைத்துக் கேட்பது

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2024 மார்ச் 6 அன்று தொடங்கிய ‘நீங்கள் நலமா’ திட்டத்தில் முதலமைச்சரும் அமைச்சர்களும் அதிகாரிகளும் பயனாளிகளைத் தொலைபேசியில் அழைத்து, உதவி வந்து சேர்ந்ததா என்று கேட்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் பேசலாம் என்பது இதன் பெரிய பலம். ஒரு பதிலைக் கேட்டு, ‘ஏன் அப்படிச் சொல்றீங்கம்மா?’ என்று அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஆனால் பட்டியலில் இருப்பவர் பயனாளி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். அழைப்பது அரசு என்று தெரிந்தால் குறை சொல்லவும் தயங்குவார்கள். ‘நல்லாத்தான் இருக்குது சார்’ என்ற பதிலில் மரியாதையும் இருக்கும், உள்ளது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். மாவட்டத்தின் கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊர்க்காரர் அழைப்புக்கே கிடைக்க மாட்டார்.

எப்போது தேர்வது: நிராகரிக்கப்பட்ட, நிலுவையிலுள்ள மனுக்களின் பட்டியலை எடுத்து அழைக்க முடிந்தால் இந்த முறை பொன்னான பலன் தரும். 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் மனுக்களுக்கு 45 நாள் கெடு வைக்கப்பட்டது. அப்படியொரு கெடு முடிந்த மறுநாள், மனுக் கொடுத்தவர்களில் குலுக்கல் முறையில் சிலரை அழைத்துக் கேட்டிருந்தால், முடிக்கப்பட்ட மனுவுக்கும் தீர்ந்த குறைக்கும் இடையே உள்ள இடைவெளி தெரிந்திருக்கும்.

முறை 3: குடிமக்கள் மதிப்பெண் அட்டை

இந்தியாவில் இதற்கு வழிகாட்டிய நகரம் பெங்களூரு. பொருளாதார அறிஞர் சாமுவேல் பால் 1993-ல் அங்கே வீடு வீடாகக் கணக்கெடுத்து, நகரின் சேவை அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் மக்கள் தந்த மதிப்பெண்ணை வெளியிட வழி செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பொது விவகார மையம் என்ற அமைப்பு. அந்த அட்டையில் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் கடைசி வரிசையில் நின்றது. கையூட்டுக் கொடுத்த அனுபவமும் அதில் பதிவானது. 1999-லும் 2003-லும் மீண்டும் கணக்கெடுத்தார்கள். முதல் அதிர்ச்சிக்குப் பிறகு அமைப்புகள் அசைந்து கொடுத்தன. 2003 அட்டையில் திருப்தி தெளிவாக உயர்ந்திருந்தது. ஒரே கேள்வியைப் பத்தாண்டுகள் விடாமல் கேட்டதால்தான் அந்த மாற்றத்தைக் காட்ட முடிந்தது.

இதன் அடிப்படை, மாதிரி எடுத்தல். ஒரு வார்டில் 600 வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். குலுக்கல் முறையில் 83 வீடுகளைக் கேட்டால் விடையில் பத்து சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதை ஐந்து சதவீதமாக இறுக்க வேண்டுமானால் 234 வீடுகள் தேவை. பத்து சதவீதப் பிழையே போதுமென்றால், முதல் வீட்டைக் குலுக்கலில் எடுத்துவிட்டு அங்கிருந்து ஒவ்வொரு ஏழாவது வீட்டுக்கும் போகலாம். பூட்டிய வீட்டுக்கு மாலையில் மறுபடி போக வேண்டும். பக்கத்து வீட்டை மாற்றாக எடுத்தால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். ஒருவர் நாளுக்குப் பத்து வீடு கேட்டால் நால்வர் மூன்று நாளில் முடித்துவிடலாம்.

பலம்: சேவையைப் பயன்படுத்தாதவரும், முயன்று கைவிட்டவரும் மாதிரியில் வருவார்கள். பலவீனம்: பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும். கேள்வித்தாளுக்கு வெளியே இருக்கும் குறை அதில் வராது.

எப்போது தேர்வது: ஒரு வார்டையோ நகராட்சியையோ காலப்போக்கில் ஒப்பிட வேண்டுமானால்.

முறை 4: சமூக மதிப்பெண் அட்டை

பெயர் ஒத்திருந்தாலும் இது வேறு. 2002-ல் ஆப்பிரிக்காவின் மலாவியில் கேர் என்ற தொண்டு அமைப்பு சுகாதார நிலையங்களுக்காக உருவாக்கிய முறை. இங்கே கேள்வியை ஆய்வாளர் எழுதுவதில்லை, ஊரே எழுதுகிறது. பெண்கள், ஆண்கள், இளைஞர்கள், முதியோர் தனித்தனியாக உட்கார்ந்து ‘நல்ல சேவை என்றால் எப்படி இருக்க வேண்டும்?’ என்று முடிவு செய்கிறார்கள். அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். சேவை தருபவர்களும் தனியே தங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு இருதரப்பும் எதிரெதிரே அமர்ந்து, யார் எதை எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று எழுதிக்கொள்கிறார்கள்.

கல்வராயன் மலையூர்களுக்கு இது பொருந்தும். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு போன்ற ஊர்களில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. வேலை தேடி வெளியூர் போகும் காலத்தில் பல வீடுகள் பூட்டியிருக்கும். பரம்பரை நில ஆதிக்கர்களான ஜாகிர்தார்களின் பிடி 1970-கள் வரை நீடித்த மலை இது. எதிரே உட்கார்ந்து அதிகாரியைக் கேள்வி கேட்பதே இங்கே ஓர் உரிமைப் பயிற்சி. கல்வராயன் மலைப் பழங்குடியினரின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தானாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது நினைவிருக்கும். கிராமத்தின் குரல் நேராக மேலே போகும் வழி குறுகலாக இருந்ததையே அது காட்டியது.

பலவீனமும் உண்டு. கூட்டத்தில் வாய் வல்லவர் பேச்சே ஓங்கும். மதிப்பெண்ணை இன்னொரு ஊரோடு ஒப்பிட முடியாது. அதிகாரி வராவிட்டால் முறையே வீண்.

முறை 5: சமூகத் தணிக்கை

கோப்பில் எழுதியிருப்பதை ஊரார் முன் வாசித்து, உண்மையா என்று கேட்பது. 1990-களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணைகளிலிருந்து வளர்ந்தது. 2005-ன் வேலை உறுதிச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் இதைக் கட்டாயமாக்கியது.

டிஜிட்டல் சேவைக்கு இதைப் பயன்படுத்தும் வழி எளிது. கணினியில் ‘வழங்கப்பட்டது’ என்று பதிவான மனுக்களின் விவரத்தை எடுத்து, சம்பந்தப்பட்ட வீடுகளில் சரிபார்க்க வேண்டும். சான்று கைக்கு வந்ததா? எப்போது வந்தது? தெருவிளக்குப் புகார் முடிந்ததாகச் சொல்லும் நாளில் விளக்கு எரிந்ததா? கருத்தை அளக்க இது உதவாது, உண்மையைச் சரிபார்க்க உதவும். பதிவேட்டைக் கேட்கத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும்.

எப்போது தேர்வது: அலுவலகத்தின் எண்ணிக்கையும் மக்களின் பேச்சும் மோதும்போது.

முறை 6: ஆய்வுக்கூட அளவுகோல்கள்

ஆய்வு மாணவர்கள் நாடுவது பெரும்பாலும் இரண்டு. பரசுராமன், சைதாமல், பெர்ரி ஆகியோர் 1988-ல் வெளியிட்ட ‘செர்வ்குவால்’ ஒன்று. நம்பகம், விரைவு, உறுதி, பரிவு, கண்ணுக்குத் தெரியும் வசதி என ஐந்து கோணங்களில், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அது அளக்கிறது. மற்றது ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. பயனுண்டு, எளிது என்ற இரு நம்பிக்கைகளே பயன்பாட்டைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் கூற்று.

இவற்றின் கேள்விகள் பல நாடுகளில் சோதிக்கப்பட்டவை, ஒப்பிடலாம். ஆனால் இரண்டும் எந்தக் கடைக்குப் போவது, எந்த மென்பொருளை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க முடிந்தவர்களிடமிருந்து பிறந்தவை. கருணாபுரத்தில் வாழ்பவர் நகராட்சியை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் ‘சமமாக நடத்தினார்களா’, ‘நிராகரித்ததற்குக் காரணம் சொன்னார்களா’ என்ற இரு கேள்விகளைச் சேர்க்காமல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் உடன்படவில்லை’ வரையிலான படிகளும் வாய்மொழியில் குழப்பும். ‘நல்லது, சுமார், மோசம்’ என்ற மூன்று போதும்.

தேசியத் தரவரிசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றிய அரசின் மின்னாளுமைச் சேவை மதிப்பீடு 2019-லும் 2021-லும் நடந்தது. அது பெரிதும் இணையதளங்களின் தரத்தையே பார்க்கிறது. 2020-ன் வாழ்க்கை எளிமைக் குறியீடு மக்கள் கருத்துக்கு 30 சதவீத மதிப்பு தந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களின் பிரிவில் சென்னையும் கோவையும் முதல் பத்தில் வந்தன. 111 நகரங்கள் கொண்ட அந்தப் பட்டியலால் கள்ளக்குறிச்சி போன்ற ஊருக்குப் பயனில்லை. நமக்கான அளவுகோலை நாமே செய்துகொள்ள வேண்டும்.

எந்த இடத்துக்கு எது?

கருணாபுரம் போன்ற நகர வார்டு: குடிமக்கள் மதிப்பெண் அட்டை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்தில் குறுஞ்செய்தி மதிப்பீடு எச்சரிக்கைக்கு மட்டும்.

கல்வராயன் மலை ஊராட்சிகள்: சமூக மதிப்பெண் அட்டை, ஆண்டுக்கு இருமுறை. முடிவுகளைக் கிராம சபையில் வைக்க வேண்டும். ஆட்கள் ஊரில் இருக்கும் மாதத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்.

பழங்குடியினர் சான்று போன்ற ஒற்றைச் சேவை: நிலுவை, நிராகரிப்புப் பட்டியலிலிருந்து தொலைபேசி அழைப்பு, எடுக்காதவர்களுக்கு நேரில் போய்ச் சமூகத் தணிக்கை. இந்தச் சான்றை வழங்குபவர் கோட்டாட்சியர். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி சமூகத்துக்குப் பழைய தென்னாற்காடு போன்ற சில மாவட்டங்களின் எல்லை சார்ந்தே பழங்குடித் தகுதி அறிவிக்கப்பட்டிருப்பதால், அந்த எல்லையைச் சரிபார்ப்பது உட்பட எந்தப் படியில் மனு நின்றது என்று கேட்பது அவசியம்.

கல்லூரி ஆய்வு: செர்வ்குவாலைச் சுருக்கி, மேலே சொன்ன இரு கேள்விகளோடு, வீட்டு மாதிரியில். கல்லூரி நண்பர்களுக்குக் கூகுள் படிவம் அனுப்பிச் சேர்த்த பதில்களை மக்கள் கருத்து என்று எழுதக் கூடாது.

கட்டாயம் கேட்க வேண்டிய ஏழு

எந்த முறையானாலும் இவை இருக்கட்டும்.

1. கடைசியாக எந்தக் காரியத்துக்கு முயன்றீர்கள்? முடிந்ததா, பாதியில் விட்டீர்களா?
2. நீங்களே செய்தீர்களா? இல்லையென்றால் யார் செய்து கொடுத்தார்?
3. எத்தனை நடை? எத்தனை நாள் கூலி போச்சு?
4. மொத்தம் எவ்வளவு செலவு? (வருவாய்ச் சான்றுகளுக்கு இ-சேவைக் கட்டணம் 60 ரூபாய். விடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே ஒரு தனி அளவுகோல்.)
5. ரசீதோ விண்ணப்ப எண்ணோ கைக்கு வந்ததா?
6. மறுத்தார்கள் என்றால் காரணம் உங்களுக்குப் புரிகிற தமிழில் சொன்னார்களா?
7. பழையபடி ஆபீசுக்கே போவதைவிட இது மேலா?

தவறக் கூடாதவை

கேட்பவர் யார் என்பது பதிலை மாற்றும். இ-சேவை மையம் நடத்துபவரும், வார்டு உறுப்பினரின் ஆட்களும் கணக்கெடுக்கப் போகக் கூடாது. பெண்களிடம் பெண்களே பேசட்டும். ‘அக்கா, நாங்க பேரு எழுத மாட்டோம், உங்க அனுபவத்த மட்டும் சொல்லுங்க’ என்று தொடங்கி, அப்படியே நடக்க வேண்டும். ஆதார் எண் கேட்கவே வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இருப்பதும் ஒரு காரணம், பயம் போனால்தான் உண்மை வரும் என்பது பெரிய காரணம்.

சராசரியை மட்டும் வெளியிடாதீர்கள். பெண்கள், முதியோர், கைப்பேசி இல்லாதோர் தந்த மதிப்பெண்ணைத் தனித்தனியே காட்டுங்கள். ஐந்துக்குச் சராசரி நான்கு என்ற பெருமைக்குள் ஒரு தெருவே ஒன்று என்று சொன்னது மறைந்துபோகலாம்.

முடிவுகளை ஒரு பக்கத் தமிழ் அட்டையாக அச்சிட்டு ரேஷன் கடையிலும் இ-சேவை மையத்திலும் ஒட்டுங்கள். பதில் சொன்னவர் தன் பதில் என்னவானது என்று பார்க்கும் உரிமை உள்ளவர்.

ஒரே ஒரு முறைக்குத்தான் பணமும் ஆளும் இருக்கிறது என்றால் என் பரிந்துரை குடிமக்கள் மதிப்பெண் அட்டைதான். அலுவலகத்தின் பட்டியலை நம்பாமல் தெருவின் வீடுகளிலிருந்து தொடங்கும் முறை அது. மலையில் மட்டும் அதன் இடத்தைச் சமூக மதிப்பெண் அட்டை எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த நகர்மன்றக் கூட்டத்திலோ கிராம சபையிலோ இதைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். 83 வீடுகளின் கதவைத் தட்ட நான்கு பேரும் மூன்று நாளும் போதும். அந்தச் செலவைத் தாங்க முடியாத நகராட்சி தமிழ்நாட்டில் இல்லை.